வெள்ளிக்கிழமை பார்த்த சிப்பிமேடு

கடல் இன்றைக்கு இருப்பதைவிடத் தாழ்ந்து கிடந்த காலத்தில், எங்கள் பக்கத்திலிருந்து இலங்கைக்கு மனிதர்கள் நடந்தே போயிருக்கிறார்கள். கையில் கல்லும் கம்பும் இருந்திருக்கும். எனக்கு விசா வேண்டியிருந்தது, கடவுச்சீட்டு வேண்டியிருந்தது, துறையின் முத்திரை போட்ட கடிதம் ஒன்றும் வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தில் என் பெயருக்குப் பின்னால் 'ஆய்வு மாணவி, தொல்லியல்' என்று அச்சிட்டிருந்தார்கள். விமானத்தில் அதை நான்கு முறை எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எங்கள் ஊர் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம். அம்மா கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறார். அதே குன்றுகளின் கல்லில்தான் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் யாரோ உட்கார்ந்து கைக்கோடரி செய்தார்கள். அவர்கள் உடைத்த கல்லைப் படிக்க நான் கல்லூரிக்குப் போனேன். அம்மா உடைத்த கல்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது.

திருகோணமலைக்கு என்னை வரவழைத்தவர் ஜெயசீலன் சேர். எங்கள் 'சார்' அங்கே 'சேர்'. குச்சவெளிப் பக்கம் ஒரு முஸ்லிம் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறார். வீடு நகரத்தில், லிங்கநகரில். குச்சவெளியில் களப்பின், அதாவது உப்பங்கழியின், கரையில் ஒரு சிப்பி ஓட்டு மேட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். ஓடுகளுக்கு நடுவே கூரான சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள். படங்களை எங்கள் துறைக்கு அனுப்பியிருந்தார். வர முடியாத பேராசிரியர் என்னை அனுப்பினார். "தோண்டக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. பார். பார்த்ததை ஒரு கடிதமாக எழுதிக் கொடு. அவ்வளவுதான்."

திருகோணமலையில் என்னை முதலில் வரவேற்றது ஒரு மான். வியாழக்கிழமை மாலை, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சேருக்காகக் காத்திருந்தேன். எங்கள் ஊரில் மாடு திரிவதுபோல இங்கே புள்ளிமான்கள் திரிகின்றன. கடை வாசலில் படுக்கின்றன, ஓட்டோக்களுக்கு வழிவிட மறுக்கின்றன. நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்துவிட்டுத் துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்த நேரத்தில், ஒரு மான் பின்னாலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துத் தின்றுவிட்டது. 'நேரில் கேட்க வேண்டியவை' என்று தலைப்பிட்ட பக்கம். பத்துக் கேள்விகள். எல்லாம் மனப்பாடம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அது எங்கட மாநகர சபை உறுப்பினர்," என்றார் அருகில் கடலை விற்றவர். "பேப்பர் எண்டா விடாது."

லிங்கநகர் வீட்டில் சேரின் மனைவி றெஜினா அக்கா பிட்டும் மீன் குழம்பும் சொதியும் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு தேங்காய் ஒரு வாரம் வரும். இங்கே ஒரு வேளைக்கு ஒன்று போதாது போலிருக்கிறது. பிட்டில் தேங்காய், சொதியில் தேங்காய், சம்பலில் தேங்காய். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"வடிவாச் சாப்பிடுங்கோ பிள்ளை," என்றார் அக்கா. "இனி அவர் கல்லுக் கதை துவங்கப்போறார். வெறும் வயித்தோட கேட்க ஏலாது."

சேர் அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் பஞ்சில் பொதிந்த கற்கள். எங்கள் ஊரில் வெங்கச்சங்கல் என்போம், புத்தகத்தில் குவார்ட்ஸ். பால்போல வெள்ளை, உடைத்தால் கண்ணாடிபோல வெட்டும்.

"இந்த வீட்டில சாறி வைக்க இடமில்லை. கல்லுக்கு மட்டும் அலுமாரி," என்றார் அக்கா.

ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். பலதும் வெறும் சில்லுகள். ஒன்று மட்டும் என் விரல் நகத்தைவிடச் சிறியது, பிறை வடிவம், ஒரு விளிம்பு நேராகக் கூர்மை, மறு விளிம்பு நுணுக்கமாகக் கொத்தி மழுக்கியது. காலம் அதன் மேல் மெல்லிய மஞ்சள் ஏற்றியிருந்தது. இந்தத் தீவில் நெல் விளைவதற்கு வெகு காலம் முன்பு, வேட்டையாடியும் பொறுக்கியும் வாழ்ந்தவர்கள் இப்படிப்பட்ட பிறைகளைப் பிசினால் கம்பில் ஒட்டி அம்பாக்கினார்கள். புத்தகத்தில் நூறு முறை பார்த்தது. கையில் முதல் முறை.

"உண்மையானதோ?" என்று சேர் கேட்டார். குரல் தணிந்திருந்தது. "பள்ளிக்கூடத்தில என்னைக் கல்லு மாஸ்டர் எண்டுதான் சொல்லுகினம். நாலு வருசமாச் சொல்லுகினம்."

"உண்மை," என்றேன்.

அவர் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் தனியாகக் கடற்கரை வீதி பஸ்ஸில் குச்சவெளிக்குப் போனேன். சேர் அதிகாலையிலேயே மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போய்விட்டார். ஜும்ஆத் தொழுகைக்காக வெள்ளியன்று பள்ளி நேரத்தோடு விட்டுவிடும். அதற்குப் பிறகுதான் அவர் வழக்கமாக மேட்டைப் பார்க்கப் போவது.

நிலாவெளியைத் தாண்டியதும் பஸ் ஒருமுறை இருமி நின்றது. முன்னாலிருந்து புகை. நடத்துனர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி குடிக்கோணுமாம், ஆக்கள் இறங்கி நிழலில நில்லுங்கோ," என்றார். சாரதி கிணறு தேடிப் போனார். எங்கள் ஊரில் இந்நேரம் நான்கு பேர் சாரதியின் குடும்பத்தையே வைதிருப்பார்கள். இங்கே ஒருவர் வெற்றிலையை எடுத்தார், ஒருவர் தன் மகளின் கல்யாணப் பேச்சைத் தொடர்ந்தார்.

நாங்கள் நின்றது ஒரு கொட்டங்காய் மரத்தடியில். மீன் பெட்டியோடு வந்த ஒரு பெண் உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, ஒரு கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் தட்டிப் பருப்பை எடுத்துத் தின்றார். எனக்கும் ஒன்று கொடுத்தார். பாதாம் போல இருந்தது. கீழே ஒரு கல், மேலே ஒரு கல், நடுவில் தின்னும் பொருள். மனித குலத்தின் மிகப் பழைய அடுக்களை அது. அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. குறிப்பேட்டில் பஸ் நின்ற நேரத்தைத்தான் எழுதினேன்.

குச்சவெளியில் இறங்கியபோது தொழுகை நேரம். சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. பள்ளி விட்டு எனக்காகக் காத்திருந்த சேர் தன் சாப்பாட்டுப் பொதியில் பாதியைத் தந்தார். கணவாய்க் கறி. பள்ளிவாசல் மதிலோரம் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு மேட்டுக்குப் போனோம்.

களப்பு அசையாமல் கிடந்தது. கரையில் கண்டல் மரங்கள். அவற்றின் வேர்களில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. தண்ணீர் ஓரமாக ஓர் ஆள் உயரத்துக்கு ஓடுகள் குவிந்து, வெயிலில் வெளுத்து நின்றன. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மனித நடமாட்டமே இல்லை. ஒரு கொக்கு மட்டும் நின்றது. இத்தனை பெரிய அமைதிக்குப் பல்லாயிரம் ஆண்டு வயது இருக்க வேண்டும் என்று நான் நம்பிவிட்டேன்.

முறைப்படி எதையும் தோண்டவில்லை. தண்ணீர் அரித்துச் சரிந்த பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஓடு, ஓடு, நடுநடுவே வெள்ளைச் சில்லுகள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து அதே இடத்தில் வைத்தேன். தானாக உடைந்தவை அல்ல. மனிதக் கை உடைத்தவை; சந்தேகமே இல்லை. இரண்டு முனையும் நசுங்கியிருந்தன. அடியில் ஒரு கல்லைத் தாங்கலாக வைத்து மேலே தட்டினால்தான் அப்படி நசுங்கும். உலகத்தின் பல மூலைகளில் வேட்டைக்காலத்து மனிதர்கள் குவார்ட்ஸை இந்த முறையில்தான் உடைத்தார்கள். இரவு பார்த்த பிறை என் மனத்தில் மினுங்கிக்கொண்டே இருந்தது.

"சேர்," என்றேன், "இது விவசாயம் வருவதற்கு முந்தைய ஆட்களின் இடம்."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கண்ணையும். ஊர் வரலாற்று வட்டம் என்று அவரும் வேறு ஐந்து ஆசிரியர்களும் நடத்துகிறார்கள். இந்தக் கரைத் துண்டை வேலி போட்டுப் பாதுகாக்க ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். தெரிந்த ஒருவரின் கடிதம் வந்தால் அனுமதி கிடைக்கும். அந்தத் தெரிந்த ஒருவர் நான். கடிதம் திங்கட்கிழமை போக வேண்டும். "வேலித் தூண் நாளைக்கே வந்து இறங்கும்," என்றார் சேர்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னா கண்டுபுட்ச?" என்றார் அம்மா. பின்னால் சம்மட்டிச் சத்தம்.

"கல்லும்மா. ஆதிகாலத்து ஆளுங்க உடைச்ச கல்லு."

"கல்லு பாக்கவா கடல் தாண்டிப் போன? இங்க வந்தா லாரி லாரியாக் காட்றேன்." சிரித்தார். ஆனால் உடனே பக்கத்தில் இருந்தவர்களிடம், "எம் பொண்ணு சிலோன்ல ஏதோ கண்டுபுட்சிக்கிறா," என்று உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று மாலை லிங்கநகர் வீட்டில் வட்டத்தின் ஐந்து ஆசிரியர்களுக்கும் பேசினேன். எங்கள் ஆற்றுக் கரைக் கைக்கோடரியில் தொடங்கினேன். உள்ளங்கை அளவுக் கருவி நகம் அளவாகச் சிறுத்தது எப்படி, சிறுத்ததால் ஒரே கல்லிலிருந்து எத்தனை விளிம்பு கிடைத்தது, சிப்பியும் கிழங்கும் கிடைத்த கரைகளில் ஆட்கள் எப்படித் திரும்பத் திரும்ப வந்து தங்கினார்கள் என்று சொன்னேன். கடைசியில் விதைத்தார்கள், விதைத்ததை ஆடுமாடு தின்னாமல் காக்க வேண்டியிருந்தது, பானை செய்தார்கள், வீடு கட்டினார்கள். "நிலத்தைச் சுற்றி முதல் வேலி எழுந்தபோது மனிதனின் பழைய காலம் முடிந்தது," என்று முடித்தேன். கைதட்டினார்கள். றெஜினா அக்கா இஞ்சி போட்ட தேத்தண்ணி தந்து, "நல்ல வடிவாக் கதைக்கிறீங்கள்," என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை, மேட்டை அளந்து வரைவதற்காகச் சேரும் நானும் ஓட்டோவில் போனோம். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. கொங்கிறீட் தூண்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றின் மேல் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஈரப் பாவாடை, தலையில் முக்காடு, பக்கத்தில் பிளாஸ்டிக் பேசன்கள் நிறையச் சிப்பி.

நடுவில் இருந்தவர் எழுந்தார். பரீனா என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடல், இரண்டு கையிலும் ஓடு கிழித்த வெள்ளைத் தழும்புகள்.

"சேர் நமக்குத் தெரிஞ்சவர். எங்கட புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஆரு புள்ள? இந்தத் தூணெல்லாம் உன்ட வேலையா?"

நான் யார் என்று சொன்னேன். துறையின் பெயரையும் சொன்னேன்.

"வேலி போட்டா நாங்க எங்கால இறங்குற? இந்த ஓடு கொட்டினதாலதான் இவடத்த கால் வைக்க ஏலும். அங்கால இடுப்பு வரைக்கும் சேறு."

"இவ்விடம் மிகப் பழையது," என்றேன். "பல்லாயிரம் வருசம். இந்தக் கல்லெல்லாம் ஆதி மனிதர்கள் செய்தது."

பின்னாலிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்; அது எல்லோருக்கும் தொற்றியது.

"கேட்டீங்களாடி! நமக்கு எத்தின ஆயிரம் வயசாம்!"

"பரீனா ராத்தா, உங்களுக்குப் பல்லு இன்னும் இருக்கே, அல்ஹம்துலில்லாஹ்!"

பரீனா மட்டும் சிரிக்கவில்லை. "புள்ள, அந்தக் கல்லு நான் உடைச்சது," என்றார். "நானும் உம்மாவும், இந்தா நிக்கிற இவளுகளும்."

எனக்கு முகம் சுட்டது. "எதற்கு உடைத்தீர்கள்? கத்தி இல்லையா?" என்று கேட்டேன். வாதத்தில் வென்றுவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"பிரச்சின காலத்துல ரோட்டுல சென்றி. போக வரப் பேசனைக் கவிட்டுப் பாப்பாங்க. கத்தி கண்டா எடுத்துப்போடுவாங்க. மூணு கத்தி எனக்குப் போன. வீட்டுல இருந்த கடைசிக் கத்தியையும் குடுத்துட்டு வந்த அண்டைக்கு உம்மா ஏசின ஏச்சு இருக்கே! கையால தொறக்க ஏலுமா சிப்பியை? அப்பதான் இந்த வெள்ளைக் கல்லு. கல்லை ஆரு புள்ள பறிக்கப்போறான்?"

போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் கத்தியைத் தேடினார்கள். இவர்கள் வெறும் கையோடு வந்து, கரையிலேயே கத்தி செய்து, வேலை முடிந்ததும் போட்டுவிட்டுப் போனார்கள். ஆண்டுக்கணக்காக. ஒவ்வொரு நாளும் புதுக் கத்தி.

"செய்து காட்டுங்கள்," என்றேன். நான் நம்பவில்லை என்பது என் குரலிலேயே தெரிந்தது.

பரீனா மறுபேச்சில்லாமல் குந்தினார். கண்டல் வேரின் இடுக்கில் கையை விட்டு, நடுவில் குழிவிழுந்த ஒரு தட்டைக் கருங்கல்லை எடுத்தார். அதன் மேல் வெள்ளைக் கூழாங்கல் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்தார். இன்னொரு கல்லால் ஓங்காமல், தட்டினாற்போல ஓர் அடி. கூழாங்கல் இரண்டாகப் பிளந்தது. இன்னோர் அடி, ஒரு சில்லு பறந்து என் செருப்பருகே விழுந்தது. அதை எடுத்து ஒரு சிப்பியின் மூட்டில் செருகி ஒரு திருப்பு. சிப்பி திறந்தது.

"இந்தா, உன்ட பல்லாயிரம் வருசம்," என்று சில்லை என் உள்ளங்கையில் வைத்தார்.

இரண்டு முனையும் நசுங்கியிருந்தன. மேட்டில் கிடந்தவற்றோடு ஒப்பிட்டேன். ஒரே கை, ஒரே அடி.

சரிந்த பக்கத்துக்குப் போய்க் குந்தினேன். ஓடுகளின் அடியில், என் முழங்கால் உயரத்தில், நீல நிற நைலோன் வலைத் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். வரவில்லை. மேலே இருந்த ஓடுகளின் பாரம் அதை இறுகப் பிடித்திருந்தது; அந்த ஓடுகள் விழுவதற்கு முன்பே அது அங்கே கிடந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையும் அந்த நூலைப் பார்த்தேன். 'மேலிருந்து சரிந்து வந்தது' என்று குறிப்பேட்டில் எழுதியும் இருந்தேன்.

"ராத்தா, நேற்று ஏன் ஒருவரும் இங்கே இல்லை?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ஆரு களப்புல இறங்குவா?" என்றார் பரீனா. சேரைப் பார்த்து, "சேர் எப்ப வாற நீங்க?"

சேர் தூணில் உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை," என்றார். "நாலு வருசமா வெள்ளிக்கிழமைதான்."

மறுபடி சிரிப்பு. இந்த முறை சேரும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. மான் தின்ற பக்கத்தின் முதல் கேள்வி எனக்கு நன்றாக நினைவிருந்தது: 'இந்த இடத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?' மனப்பாடம்தான். கேட்கத்தான் இல்லை.

"அப்ப அந்தப் பிறை?" என்று திரும்பும் வழியில் ஓட்டோவில் சேர் கேட்டார்.

"அது நிச்சயம் பழையது. எங்கே எடுத்தீர்கள்?"

அவர் வெகு நேரம் யோசித்தார். "கும்புறுப்பிட்டிப் பக்கமோ, திரியாய்ப் பக்கமோ... எல்லாத்தையும் ஒரு டின்னிலதானே போட்டனான்."

எடுத்த இடம் தெரியாத கல் எங்கள் படிப்பில் வாய் பேசாது. அவருக்கும் அது தெரியும்.

பெண்கள் எங்களை வெறுங்கையோடு விடவில்லை. வாழை இலையில் ரொட்டியும், தேங்காய்ப்பூப் போட்ட சிப்பிச் சுண்டலும் கட்டித் தந்திருந்தார்கள். மிளகு காரம் கண்ணில் நீர் வரவைத்தது. காரத்தால்தான் என்று ஓட்டோக்காரரிடம் சொன்னேன்.

ஞாயிறு காலை சேரும் அக்காவும் தேவாலயப் பூசைக்குப் போன நேரத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது: 'கல் கருவிகள் மனிதரால் செய்யப்பட்டவை. காலத்தை உறுதிசெய்ய மேலாய்வு தேவை. அதுவரை இடம் பாதுகாக்கப்படுவது நல்லது.' ஒரு பொய்கூட இல்லை. வேலிக்கு இது போதும். சேர் பள்ளியில் தலை நிமிர்ந்து நடப்பார். நான் பேராசிரியரிடம் தோற்றுத் திரும்ப வேண்டாம். அம்மா குவாரியில் சொன்னதும் சொன்னபடி நிற்கும்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு வேலி உண்டு. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, கைக்கோடரிகள் கிடைத்த மேட்டைச் சுற்றிக் கம்பி கட்டிப் பலகை வைத்தார்கள். அங்கே அது நியாயம். அந்தக் கற்கள் அத்தனை பழையவை. நான் பெருமையாக அம்மாவைக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினேன். "இன்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். 'உள்ளே வரக் கூடாது' என்று படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு நான் படித்துக் காட்டிய முதல் பலகை அது. அம்மா மேட்டின் குறுக்கே போகும் வழக்கமான வழியை விட்டு, குவாரிக்குச் சுற்றுவழியில் நடக்கத் தொடங்கினார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறார்.

நியாயமான வேலிக்கே அந்தச் சுற்று. குச்சவெளியில் என்ன நியாயம் இருக்கிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டேன். தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

'வெள்ளியன்று நான் சொன்னது தவறு. நான் பார்த்த ஓடுகளும் கற்களும் அண்மைக் காலத்தவை. அவற்றைச் செய்தவர்கள் குச்சவெளியில் சிப்பி எடுக்கும் பெண்கள். அவர்களே செய்து காட்டினார்கள். மேட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை வைத்து இங்கே வேலி போடக் காரணம் இல்லை. இது அவர்கள் இறங்கும் துறை.'

பூசை முடிந்து வந்த சேர் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தார். றெஜினா அக்கா குசினி வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு பேருக்கும் நான்தான் சொல்லோணும்," என்றார் சேர் கடைசியில்.

"நான் சொல்கிறேன் சேர். பேசியவள் நான்தானே."

மாலையில் அதே கதிரைகள், அதே ஐந்து பேர். இந்த முறை பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் தவறியது எங்கே என்று சொன்னேன். நைலோன் நூலைப் பற்றியும் சொன்னேன். கைதட்டல் இல்லை. ஓர் ஆசிரியர், "அப்ப கல்லு மாஸ்டர், டின்னை என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்தில வைக்கப்போறன்," என்றார் சேர். "பரீனாவைக் கூப்பிட்டுப் பெடியளுக்கு முன்னால ஒண்டு உடைச்சுக் காட்டச் சொல்லப்போறன். நாலு வருசமாப் படத்தைக் காட்டித்தானே படிப்பிச்சனான்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் வியாழக்கிழமை கேட்ட தணிவு இல்லை.

அம்மாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டார். "அந்தப் பொம்பள ஒரே அடியில பொளந்துச்சா?" என்றார்.

"ஆமாம்மா."

"கெட்டிக்காரி," என்றார் அம்மா. "குவாரியில நான் சொல்லிக்கிறேன், நீ சாப்ட்டியா?"

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது சேரிடமிருந்து ஒரு படம் வந்தது. கொங்கிறீட் தூண்களைப் பெண்கள் உருட்டிக்கொண்டுபோய்ச் சேற்றில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். கரையிலிருந்து தண்ணீர் வரை நல்ல படிகள். அதன் மேல் பேசனோடு பரீனா நின்றார். பாதத்தில் சேறு இல்லை.

பாதுகாப்புச் சோதனையில் என் பையை ஓரமாக எடுத்து வைத்தார்கள். நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. கூர் அதிகம் என்று அதைத் தனியே வைத்துவிட்டார்கள். பிறகு அந்த அதிகாரி, பரீனா தந்து நான் பஞ்சில் பொதிந்து வைத்திருந்த சில்லை எடுத்தார். அதனோடு நான் கட்டியிருந்த சீட்டைப் புரட்டிப் பார்த்தார். எங்கள் துறையில் எல்லாச் சீட்டிலும் இடம், கல்வகை, உடைத்த முறை என்று எழுதுவோம். செய்தவர் என்று ஒரு வரி கிடையாது. எழுதப் பெயர் இருப்பதில்லை. இந்தச் சீட்டில் நான் அந்த வரியைச் சேர்த்திருந்தேன்.

"புராதனப் பொருளா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை," என்றேன். "செய்தவர் குச்சவெளியில் இருக்கிறார்."

அவர் விளிம்பில் விரல் வைக்காமல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வெறும் கல்தானே என்று சொன்னதாகப் பின்னால் நின்ற பெண் எனக்கு மொழிபெயர்த்தார். கத்தரிக்கோல், பறித்தவற்றைப் போடும் பெட்டிக்குள் விழுந்தது. கத்தியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்கள்.